பேரிங் போடாத வண்டி

லேத்தில் மரத்தை ஏற்றுவது எனக்கு ஆகாது. கம்பத்தில் பட்டறை போட்ட நாளிலிருந்து எத்தனையோ பேர் வந்து கேட்டிருக்கிறார்கள். கட்டில் கால் உடைந்துவிட்டது, ஒரு கடைசல் பிடித்துக் கொடுங்கள் என்பார்கள். சுத்தியல் பிடிதானே, உங்களுக்கு அஞ்சு நிமிஷ வேலைதானே என்பார்கள். முகத்தில் அடித்த மாதிரி முடியாது என்று சொல்லி அனுப்பிவிடுவேன். இரும்பு சுருள் சுருளாக விழும், பெருக்கி அள்ளினால் தீர்ந்தது. மரம் அப்படியில்லை. தூளாகப் பறந்து மிஷினின் இண்டு இடுக்கெல்லாம் போய் உட்காரும். அங்கே இருக்கிற ஆயிலோடு சேர்ந்து களிம்பாகிவிடும், அப்புறம் எதுவும் நகராது. மரத்தில் கொஞ்சம் ஈரம் இருந்துவிட்டாலோ, தூள் விழுந்த இடமெல்லாம் மறுநாள் காலையில் துரு பூத்திருக்கும். திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயர், கிணற்று மோட்டார், மலையேறுகிற ஜீப்பு, இவற்றின் ஷாஃப்ட்டும் புஷ்ஷும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. அந்த மிஷினை மரத்தூளில் சாகவிட எனக்கு என்ன கிறுக்கா?

அப்படிப்பட்ட நான் போன வருஷம் ஒரு பலாக்கட்டையை வாங்கிவந்து லேத்தில் ஏற்றினேன். என் மனைவிக்காக.

ஒருநாள் காலையில் எனக்குக் காபி டம்ளரை நீட்டியவள், நீட்டிய கையோடு அப்படியே சரிந்தாள். தேனிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உயிர் தங்கியது. பக்கவாதத்தில் இடது கையும் இடது காலும் போயின. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அவளை அறிந்தவர்கள் யாரும் அதில் ஆச்சரியப்படவில்லை. எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் என்னிடம் வேலையைச் சொல்வார்கள், அவளிடம்தான் சண்டை போடுவார்கள். ஒருவர்கூட ஜெயித்தது கிடையாது.

எங்கள் வீட்டில் முன்பக்கம் பட்டறை, அதற்குப் பின்னால் நாங்கள் குடியிருக்கிற இரண்டு அறை, அதற்கும் பின்னால் சிமெண்டு போட்ட முற்றம், முற்றத்துக் கடைசியில் பாத்ரூம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவளை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன், நான்தான் உட்காரவைத்தேன், நான்தான் கழுவிவிட்டேன். எனக்கு அதில் கஷ்டமே இல்லை. இதை நான் சும்மா சொல்லவில்லை. அவளுக்குத்தான் அது செத்துப்போகிற மாதிரி இருந்தது. நான் தூக்கும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். கட்டில் அருகே நான் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம் மாமா. கோயிலுக்குப் போகணும், கடைக்குப் போகணும்னு கேக்கல. அங்கன பாத்ரூமுக்கு நானாப் போயிட்டு நானா வரணும். பக்கத்துல ஒரு ஆளு நிக்கக் கூடாது, நீங்களா இருந்தாலும். அம்புட்டுத்தேன்."

பிசியோதெரபிக்கு வருகிற பெண், வாக்கர் வாங்குங்கள் என்றது. அலுமினியத்தில் நான்கு காலோடு வருமே, அதுதான். வாங்கிவந்து முன்னால் வைத்தேன். வலது கையால் பிடித்தாள். இடது கையை நான் எடுத்து வைத்ததும் வீல் என்று கத்திவிட்டாள்.

"தேளு மாமா! தேளு கொட்டுது!"

சிலருக்கு இப்படி ஆகும் என்று அந்தப் பெண் விளக்கியது. குளிர்ந்த எதைத் தொட்டாலும் அந்தப் பக்கத்துக்குச் சுடுகிற மாதிரி தோன்றுமாம். துணி சுற்றிப் பார்த்தேன், துணியே திருகிக்கொண்டு வந்தது. சைக்கிள் ஹேண்டில் கிரிப்பை மாட்டிப் பார்த்தேன், வியர்த்து வழுக்கியது. போதாக்குறைக்கு அந்த வாக்கரை ஒவ்வொரு எட்டுக்கும் தூக்கித் தூக்கி வைக்கவேண்டும். தூக்குவதற்கு அவளுக்கு ஒரு கைதான் இருந்தது. அலுமினியம், எவர்சில்வர், எல்லாமே அவளுக்கு இரும்புதான். "இந்த இரும்ப என் கண்ணு முன்னால வைக்காதீக" என்றாள். முப்பது வருஷமாக இரும்பைத் தவிர வேறு எதையும் தொட்டுப் பிழைக்காத என் வீட்டில், அவளுக்கு இரும்பு ஆகாமல் போய்விட்டது.

கொஞ்ச நாள் கழித்து அவளை எழுப்பி நிறுத்திப் பழக்கும்போது தடுமாறினாள். தடுமாறிய வேகத்தில் அவளுடைய இடது கை வாசல்நிலையில் போய்ப் பட்டது. கத்தப்போகிறாள் என்று பயந்தேன். கத்தவில்லை. பழைய வேங்கை நிலை. அதன்மேல் உள்ளங்கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.

"சுடல மாமா" என்றாள்.

மரம் என்றால் கை தாங்கும். தூக்கி வைக்காமல் தள்ளுகிற மாதிரி இருந்தால் கால் தாங்கும். மரத்தில் செய்து, உருளை வைத்து, குழந்தைகள் தள்ளிக்கொண்டு நடை பழகுகிற சாமான் ஒன்று நம் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. நடைவண்டி. அதை ஆள் உயரத்துக்குச் செய்தால் என்ன என்று தோன்றியது. ஆசாரி ஒருவர் பாத்ரூம் வாசலை அளந்துபோய், அதற்குள் நுழைகிற அகலத்தில் சட்டத்தை அடித்துக் கொடுத்தார். உருளையும் கைப்பிடியும் கடைசல் வேலை, அதற்கு மதுரைக்குத்தான் சொல்லிவிட வேண்டும், வர நாளாகும் என்றார். என் வீட்டு முன்னால் ஒரு லேத் நிற்கும்போது மதுரைக்கு எதற்கு?

முதலில் கைப்பிடி. அவளுடைய இடது கை விரல்கள் எப்போதும் பாதி மடங்கியே இருந்தன. அந்த மடக்கத்துக்குள் என்ன கனத்துக்கு உருளை இருந்தால் நிற்கும் என்று தெரியவேண்டும். பட்டறையில் எல்லா அளவிலும் ராடு கிடக்கிறது, ஆனால் எல்லாம் இரும்பு. அடுப்படிக்குள் போனேன். கரண்டிக் காம்பு, முருங்கைக்காய், பூரிக்கட்டை என்று ஒவ்வொன்றாக எடுத்துவந்து அவள் கையில் வைத்துப் பார்த்தேன்.

"என்ன மாமா, எங் கையிலயே சாம்பார் வைக்கப் போறீகளா?"

கடைசியில் ஒரு வெள்ளரிப் பிஞ்சு நின்றது. நழுவாமல், விரல் நோகாமல் நின்றது. அதைக் கொண்டுபோய், இரும்பை மயிரிழை பிசகாமல் அளக்கிற வெர்னியரில் அளந்தேன். வெள்ளரிப் பிஞ்சுக்கு வெர்னியர் வைத்த லேத்துக்காரன் இந்தப் பள்ளத்தாக்கிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மிஷினை மூடுவதற்கு, யாரோ வீட்டுக் காதுகுத்துக்கு வைத்த பழைய ஃபிளெக்ஸ் பேனரை வாங்கிவந்து விரித்தேன். கட்டையை லேத்தின் பிடியான சக்கில் மாட்டி இறுக்கினால், அதன் தாடை மரத்தைக் கடித்துப் பள்ளமாக்கியது. சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக்கொண்டு மறுபடி இறுக்கினேன். இரும்புக்குத் தீட்டிய டூல் மரத்தைச் சீவாமல் பிய்த்தது. புதிதாக ஒரு டூலைச் சவரக்கத்தி மாதிரி தீட்டினேன். மரத்துக்கு வேகம் வேண்டும், என் மிஷினோ நிதானக்காரன், இருக்கிற வேகத்தையெல்லாம் கொடுத்தும் போதவில்லை. மறுமுனையைத் தாங்குகிற கூர்முனை உராய்ந்து உராய்ந்து கட்டையிலிருந்து புகை வந்தது. அதை எடுத்துவிட்டு, கூடவே சுழல்கிற முனையை மாட்டினேன். மஞ்சள் மஞ்சளாகத் தூள் பறந்தது. ஃபிளெக்ஸையும் தாண்டி உள்ளே போனது. ஆயிலில் கலந்து பஜ்ஜி மாவு கரைத்து ஊற்றியது போல் ஆயிற்று. முன்பென்றால் என் மிஷினை அப்படிப் பார்த்திருந்தால் ஆளை வெட்டியிருப்பேன்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வழவழவென்று கொண்டுபோய்க் கொடுத்தேன். எவ்வளவு துடைத்தும் அங்கங்கே கறுப்புக் கோடு போகவில்லை. அவள் மூக்கருகே வைத்து மோந்து பார்த்தாள்.

"பலா மரம் எம்புட்டு வாசமான மரம். அதையும் உங்கள மாதிரியே கிரீஸ் நாத்தம் அடிக்க வச்சுட்டீகளே."

சொல்லிவிட்டு, கையை விட்டு அதைக் கீழே வைக்கவே இல்லை.

அடுத்து உருளைகள். அவற்றைச் செய்யும்போது நான் பெரிய கெட்டிக்காரத்தனம் ஒன்று பண்ணினேன். முப்பது வருஷ வேலை சும்மா இருக்கவிடுமா? மூன்று உருளையையும் இம்மிகூட நெளியாமல் கடைந்து, நடுவில் துளைபோட்டு, ஒவ்வொன்றிலும் பேரிங் அடித்தேன். ஸ்பிரேயரில் போடுகிற நல்ல பேரிங். ஒரு விரலால் தள்ளினால் வண்டி சத்தமே இல்லாமல் எதிர்ச்சுவர் வரைக்கும் போய் முட்டி நின்றது. திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்தேன். இப்படி ஒரு நடைவண்டியை இந்த உலகத்தில் யாரும் செய்திருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன். அது உண்மைதான், எந்த ஆசாரியும் அந்தக் காரியத்தைச் செய்திருக்க மாட்டார்.

அவளை எழுப்பி நிறுத்தினேன். இரண்டு கையாலும் பிடித்தாள். முகம் மலர்ந்தது. உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தாள், அவ்வளவுதான், வண்டி விருட்டென்று ஓடிவிட்டது. கால் வரவில்லை. நான் பிடிப்பதற்குள் முகம் தரையில் பட்டு உதடு கிழிந்தது. தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். ரத்தத்தைத் துடைக்க விட்டாள். பிறகு அவளே பேசினாள்.

"நான் ஓடிப்போறதுக்கா வண்டி செஞ்சீக? ஓடிப்போற வயசுல ஒரு வண்டியையும் காணோம்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "எங்கூட வர்ற மாதிரி செய்யுங்க மாமா. எனக்கு முன்னால ஓடுற மாதிரி செய்யாதீக."

பேரிங்கையெல்லாம் தட்டி எடுத்தேன். சாமான் சுற்றுகிற இடத்தில் இழுவை இருக்கக் கூடாது என்பதற்காகவே நான் வாழ்நாளெல்லாம் உழைத்திருக்கிறேன். இப்போது இழுவையை உண்டாக்க வேண்டியிருந்தது. மரத்திலேயே அச்சு கடைந்து, மரத்துளைக்குள் அதைச் செருகினேன். ஆயில் விடவில்லை. தள்ளினால் 'கிரீச்' என்று கத்திக்கொண்டு ஒரு சாண் போய் நின்றது. எடையை முன்னால் போட்டாலும் ஓடவில்லை. பட்டறைக்குள் இப்படிச் சத்தம் போடுகிற ஒரு சாமானைக் கண்டால் எனக்குப் பல் கூசும். அன்றைக்கு அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அந்த உருளைகள் மேஜைமேல் கிடந்தபோதுதான் ஓடைப்பட்டியிலிருந்து ஒரு திராட்சைத் தோட்டக்காரர் பம்போடு வந்தார். ரொம்ப நாளாகப் பழக்கம் என்றாலும் வீட்டு விஷயம் அவருக்குத் தெரியாது.

"என்னண்ணே, நடவண்டி உருளையா? வீட்டுல விசேஷமா? ஒரு வார்த்த சொல்லலையே! பேரனா, பேத்தியா?"

"எம் பொண்டாட்டிக்கு" என்றேன்.

அந்த மனுஷன் பம்பைக் கீழே வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு போய்விட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. எங்களுக்குப் பிள்ளையில்லை. மதுரையில் போகாத ஆஸ்பத்திரி இல்லை, ஏறாத மலைக்கோயில் இல்லை, ஒரு வயசுக்குமேல் அதைப் பற்றிப் பேசுவதையும் விட்டுவிட்டோம். அவர் கேட்டது உள்ளே இருந்த அவளுக்கும் கேட்டிருக்கிறது. நான் போனதும் சிரித்தாள்.

"இந்த வீட்டுலயும் யாராச்சும் நடவண்டி பிடிக்கணும்னு இருந்துருக்கு மாமா. அது நானாப் போச்சு."

நானும் சிரித்தேன். பிறகு பட்டறைக்கு வந்து, ஒரு வேலையும் மாட்டாமல் லேத்தை ஓடவிட்டு, அதன் பக்கத்தில் நின்று அழுதேன். லேத் சத்தத்தில் அழுவது சௌகரியம், யாருக்கும் கேட்காது.

அவள் நடந்தாள். முதலில் கட்டிலிலிருந்து வாசல்நிலை வரை. அப்புறம் முற்றத்தில் பாதி வரை. வலது கால் முன்னால் போகும், இடது கால் பின்னாலேயே இழுபட்டு வரும், வண்டி கத்தும். நான் பின்னாலேயே கையை விரித்துக்கொண்டு போவேன். "கோழி பிடிக்கிறவன் மாதிரி வராதீக" என்று ஏசுவாள்.

ஆடிச் சாரல் வந்தது. குமுளிப் பக்கமிருந்து இறங்குகிற ஈரக்காற்று எங்களுக்குப் புதிதில்லை. அந்த வண்டிக்குப் புதிது. ஒருநாள் காலையில் உருளைகள் அசையவில்லை. மூன்றும் அச்சோடு இறுகிப்போய் உட்கார்ந்திருந்தன. இரண்டு சாமானுக்கு நடுவில் இருக்கிற ஆட்டத்தை நாங்கள் ப்ளே என்போம். ப்ளே இருந்தால் வேலை மட்டம் என்று அர்த்தம். அதனால் நான் துளிகூட ப்ளே விடாமல் இரும்பைக் கடைவது போலவே அந்த மரத்தையும் கடைந்து மாட்டியிருந்தேன். மழைக்காலத்தில் மரம் உடம்பு வைக்கும் என்பது, கதவு வைத்த வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வெர்னியரைக் கையில் எடுத்தால் மறந்துபோகிறது.

தட்டிக் கழற்றும்போது ஒரு உருளை பிளந்துவிட்டது. புதிதாகக் கடையக் காய்ந்த கட்டை வேண்டும், சாரலில் காய்ந்த கட்டைக்கு எங்கே போவது? மலையடிவாரத்து லோயர் கேம்ப் வரைக்கும் போய் மரக்கடை மரக்கடையாகத் தேடினேன். நான் அலைந்த நாளெல்லாம் அவள் கட்டிலில் கிடந்தாள். பழையபடி தூக்கிக்கொண்டு போனேன், பழையபடி கண்ணை மூடிக்கொண்டாள். கால் மறுபடி விறைத்துக்கொண்டது. மற்றவர்களுக்கு அது ஒரு சாதாரண மழைக்காலம். அவளுக்கு மிச்சம் இருந்ததே கொஞ்ச நாள்தான் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. அந்த நாட்களை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

இந்தத் தடவை ப்ளே விட்டுக் கடைந்தேன். உருளை லொடலொடவென்று ஆடியது. என் பட்டறையிலிருந்து அப்படி ஒரு வேலை வெளியே போனது கிடையாது. அதைப் பிடித்துக்கொண்டு அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். நிலை வரை, முற்றத்தில் பாதி வரை, ஐப்பசிவாக்கில் பாத்ரூம் வாசல் வரை. அங்கே போய்ச் சேர்ந்ததும் என்னைக் கூப்பிடுவாள். மீதி வேலைக்கு நான் வேண்டியிருந்தது. நடக்கும்போது மட்டும் பின்னால் வரக் கூடாது என்று சொல்லிவிட்டாள். நான் பட்டறையில் லேத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். வண்டிச் சத்தத்தை வைத்து அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அறைக்குள் ஒரு மாதிரி கத்தும், சிமெண்டில் இறங்கினால் வேறு மாதிரி கத்தும்.

அன்றைக்குக் காலையிலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். வண்டி அறையைத் தாண்டியது. முற்றத்தைத் தாண்டியது. பாத்ரூம் வாசலில் நின்றது. கூப்பிடுவாள் என்று எழுந்தேன். கூப்பிடவில்லை. வண்டி மறுபடி கத்தியது, உள்ளே போகிற சத்தம். கதவு சாத்துகிற சத்தம். பிறகு தாழ்ப்பாள் போடுகிற சத்தம்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. தாழ்ப்பாள் போடவேண்டும் என்றால் வலது கையை வண்டியிலிருந்து எடுத்திருக்க வேண்டும். எடுத்தால், அவளுடைய முழு எடையையும் அந்த இடது கை பிடித்துக்கொண்டிருக்கிறது. தேள் கொட்டுகிறது என்று கத்திய கை. நான் தனியாக நின்று சிரித்தேன். யாரிடமாவது சொல்லவேண்டும் போல் இருந்தது, சொல்வதற்கு யாரும் இல்லை. சட்டென்று போய் லேத்தைப் போட்டேன். நான் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அவள் நினைக்கக் கூடாது அல்லவா? ஒரு ஜீப்பு புஷ் சக்கில் கிடந்தது. அதைக் கடைய ஆரம்பித்தேன். அவள் தனியாக இருக்கட்டும், அவசரப்படாமல் இருக்கட்டும் என்று நிதானமாகக் கடைந்தேன்.

புஷ் முடிந்தது. லேத்தை நிறுத்தினேன். சத்தம் எதுவும் இல்லை. முற்றத்துக்கு வந்து, "ஏ புள்ள" என்றேன். பதில் இல்லை. ஏசுவாளே என்று கொஞ்சம் பொறுத்தேன். மறுபடி கூப்பிட்டேன். அப்புறம் கடப்பாரையை எடுத்துவந்தேன்.

சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தாள். சேலையெல்லாம் ஒழுங்காக இருந்தது, எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கிளம்பப்போகிறவள் போல இருந்தாள். உடம்பில் சூடு இருந்தது, உயிர் இல்லை. இரண்டாவது தடவையும் பக்கவாதம் வந்திருக்கிறது, கட்டிலில் இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

பண்ணைப்புரத்திலிருந்து வந்த என் மச்சினனுக்கு அது போதவில்லை. அக்கா தூக்கிவளர்த்த பிள்ளை அவன், அவனுக்கு ஆற்றாமை. உடைந்த கதவின் முன்னால் நின்றுகொண்டு எல்லார் முன்னிலையிலும் கேட்டான்.

"சீக்காளி போற எடத்துல தாழ்ப்பா எதுக்கு மச்சான்? அத முன்னமே கழட்டி எறிஞ்சிருக்க வேணாமா? உள்ள போட்டுக்கிட்டு இருக்காகன்னு தெரிஞ்சும் எப்படி மச்சான் சும்மா இருந்தீக?"

வந்தவர்கள் அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். இன்றைக்கும் அவன் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சும்மா இருக்கவில்லை என்று அவனிடம் எப்படிச் சொல்வேன்? அவள் தாழ்ப்பாள் போட்ட சத்தத்தைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னால் வந்ததில்லை. அவள் செத்துக்கொண்டிருந்த நேரத்தில் எனக்கு வந்த அந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் இருக்கிறேன்.